மஞ்சளாகக் கூடாது

எந்தச் சர்பத்தையும் ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, ஒரு முறை சாய்த்துப் பார்த்த பிறகுதான் ஜஹானாரா குடிப்பார். "சர்பத்துல என்னத்தக்கா தேடுற?" என்று தங்கை சாஹிரா கேட்டால், "பழக்கம்டீ" என்பார். குடித்து முடிப்பதற்குள் இரண்டு தரம் எழுந்துவிடுவார்.

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு மாடி வீட்டுக்காரர்கள். நாவலூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் செல்களுக்குத் தீனி போடுவது ஜஹானாராவின் வேலை. ஒரு பிறவி நோய் உள்ளவர்களின் தோலிலிருந்து எடுத்த செல்கள் குப்பிகளில் வளர்கின்றன. தீனி, ஒரு சிவப்புத் திரவம்; நிறம் மாறியதா என்று குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். இந்த நோய் கண்ட செல்லுக்குச் சர்க்கரையை முழுதாக எரித்துச் சக்தியாக்கத் தெரியாது. பாதியிலேயே அமிலமாக்கித் துப்பிவிடும். அந்த அமிலத்தால் தீனி சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அதைத் தடுக்க ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள்.

சாஹிராவுக்கும் அதே நோய்தான். கல்லூரி முடித்த பெண், மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவளும் தோல் கொடுத்திருக்கிறாள். எது அவளுடைய குப்பி என்று அக்காவுக்குச் சொல்ல மாட்டார்கள். "தெரியாததும் நல்லதுதான்க்கா. தெரிஞ்சா அதுக்கு மட்டும் ரெண்டு சொட்டு கூட ஊத்திடுவேன்" என்றார் ஜஹானாரா என்னிடம்.

போன மாதம் மருந்து ஊற்றிய குப்பி ஒன்று சிவப்பாகவே இருந்தது. அவசரக் குடுக்கை, உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். சாஹிரா தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். அப்புறம்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். அத்தனை செல்களும் செத்து, உருண்டை உருண்டையாக மிதந்தன. செத்த செல் சாப்பிடுமா, அமிலம் துப்புமா? "பாயசம் வாங்குன வூட்டையெல்லாம் தாண்டித்தான் தினம் போறேன். பேஜாரா இருக்குக்கா."

நோன்பு மாதத்து ஞாயிறு அன்றும் கிளம்பினார். "நோன்பு எனக்குத்தான், அதுங்களுக்கு இல்ல." நானும் தொற்றிக்கொண்டேன். மேடவாக்கம் சிக்னலில் நின்றபடியே ஸ்கூட்டரை முறுக்கியதில் எனக்குத்தான் உயிர் போனது.

மருந்து ஊற்றிய குப்பிகள் எல்லாமே சிவப்பு. ஜஹானாராவின் முகம் வெளுத்துவிட்டது. முதல் குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"ஒட்டிக்கினு இருக்குக்கா. நீளநீளமா... உயிரோட!"

மற்றக் குப்பிகளும் அப்படியே. "சாஹிராவுக்குச் சொல்லேன்" என்றேன். போனை எடுத்தவர், திரும்பப் பைக்குள் போட்டார். "குப்பியிலதானே பொழச்சுது. மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும்."

மாலை நோன்பு திறக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜஹானாரா சர்பத்தை வெளிச்சத்தில் பிடிக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தார். சாஹிரா காலி டம்ளரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் டம்ளரை மெல்லத் தூக்கி, ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தாள்.