எறும்பு சொன்னதும் நாங்கள் கிண்டியதும்

சொன்னால் சிரிப்பீர்கள், என்றாலும் சொல்கிறேன். தெல்லிப்பழையில் நாங்கள் வாங்கிய வளவின் வேம்படியில், பழைய சொந்தக்காரர் இடம்பெயரும்போது நகைப்பெட்டியை மண்ணுக்குள் தாட்டதாக ஊரில் ஒரு கதை. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கி வெயிலில் பரப்பிய அன்று, நானும் கணவரும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டோம்.

முழங்கால் ஆழத்தில் எறும்புகள் முட்டைகளைக் காவிக்கொண்டு வெளியேறின.

"புதையல் காக்கிற பூதம் வழி விடுது!" என்றார் கணவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பம். எல்லைச் சண்டையில் இரண்டு வருடமாக எங்களோடு கதைக்காதவள்.

"அக்கா, எறும்பு முட்டை காவுது, மழை வரப்போகுது. வெங்காயத்தை அள்ளுங்கோ!"

"எங்களை அனுப்பிப்போட்டு நீ கிண்டவோ?" என்றேன், வாய் கூசாமல்.

அரைமணித்தியாலத்தில் கொட்டியது மழை. நாங்கள் இருவரும் தோட்டத்துக்கு ஓடினால், வெங்காயம் முழுக்க அவளுடைய தறப்பாளின் கீழே. அது பறக்காமல் ஒரு மூலையில் ஏறி, நனைந்தபடி குந்தியிருந்தாள் புஷ்பம். என் முகத்தை எங்கே வைப்பது?

"பெட்டி கிடைச்சதோ அக்கா?"

"தண்ணிதான். குழி நிறைய."

மூவரும் மழைக்குள் நின்று சிரித்தோம்.

குழியில் இப்போது வாழை நிற்கிறது. வெங்காயம் பரப்பும் நாளில் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. புஷ்பம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாளா என்றுதான் பார்க்கிறேன்.