பெட்டி வருவதற்கு முன்

கல்யாண மண்டப வாசலில் யாராவது சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் இன்றும் எனக்குக் குமட்டும். சந்தனத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. அதை ஓர் ஆம்ப்ளிஃபையரின் மேல் அப்பி, கற்பூரம் காட்டி, உள்ளே கம்பி கருகும்வரை பக்தியோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாடையெல்லாம் என் மூக்கில் ஒன்றாகவே தங்கிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. காஞ்சிபுரத்தில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார். பேருக்குத்தான். குழுத் தலைவரே கீபோர்டு, அவரே மிக்ஸர். என் கிட்டாரை மிக்ஸரில் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, தன் கீபோர்டை ஊருக்கே கேட்கவைப்பார். ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் லட்சணம் அதைவிட மோசம். கையில் கிடைத்த ஒயரைப் பல்லால் உரித்து, பிளக் ஓட்டையில் நுழைத்து, கழன்று வராமலிருக்கத் தீக்குச்சியைச் செருகுவார். அந்த எச்சில் ஒயரைத் தொடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

என் அண்ணனுக்குப் பட்டுப்புடவைக் கடை. கடைக்கு வந்து உட்காரச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை கச்சேரிக்கு வந்து முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ வாசிச்சது ஒண்ணுகூட காதுல விழலையேடா. இதுக்கா கடைக்கு வரமாட்டேன்ற?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே ஒருநாள் என் வாசிப்பு அவர் காதில் விழவேண்டும். விழுந்துவிட்டால் அதற்குப்பின் அவர் கடைப் பேச்சையே எடுக்கமாட்டார். விழாவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட வேண்டும்.

அதற்காகத்தான் சென்னையெல்லாம் அலைந்து, பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் அதற்கான ஸ்பீக்கர் பெட்டியையும் வாங்கினேன். இரண்டும் தனித்தனி. அந்த மாதிரி ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து வாசித்தால், வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே முட்டி, டிரான்ஸ்பார்மரைக் கருக்கிவிடும். அதனால் பெட்டியை முதலில் மாட்டவேண்டும், சுவிட்சைக் கடைசியில்தான் தொடவேண்டும். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் எந்தத் துளையில் எட்டு ஓம் என்று போட்டிருக்கிறதோ அதில்தான் எட்டு ஓம் மின்தடையுள்ள பெட்டியை மாட்டவேண்டும். நடுவில் கிட்டார் ஒயரைப் போட்டால் அது சூடாகி உருகும். தடித்த ஸ்பீக்கர் ஒயர் வாங்கி, இரு முனையிலும் பிளக் வைத்து நானே பற்றவைத்தேன். தீக்குச்சிக்கு அதில் வேலையே இல்லை.

இதையெல்லாம் தலைவரிடம் பொறுமையாகச் சொன்னேன். "நான் பாக்காத ஆம்ப்ளியாப்பா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பாமல், சுவிட்சின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, 'பெட்டி மாட்டாமல் ஆன் செய்யாதே' என்று எழுதிவைத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரிய ஜவுளிக்காரர் வீட்டு வரவேற்பு. அண்ணனுக்கும் அழைப்பு இருந்தது. ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் வந்து கிட்டாரோடு மேடையில் இறக்கிவைத்தேன். பெட்டி பின்னால் மினி டெம்போவில் வந்துகொண்டிருந்தது. பெருமாள் புறப்பாடு என்று தெருவை மறித்துவிட்டதால் டெம்போ இரண்டு தெரு தள்ளி நின்றுவிட்டது. நான் அங்கே ஓடினேன். ஓட்டுநரும் நானுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் இடித்துப் பிடித்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். மாடிப்படியில் கால் வைத்தபோதே கருகல் வாடை அடித்தது.

நாலரைக்கு ராகு காலம். புதுச் சாமானை அதற்குமுன் ஆன் செய்தாக வேண்டும் என்று தலைவர் முடிவு கட்டிவிட்டார். என் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஒயர் மாட்டும் துளைகளையும் விட்டுவைக்கவில்லை, அவற்றிலும் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. முதல் மீட்டல் பெரிய மனிதர் கையால் இருக்கட்டும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டு என் கிட்டாரைக் கையில் கொடுத்திருக்கிறார். அவர் மீட்டியிருக்கிறார். பெட்டியே இல்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? சத்தம் வரவில்லை என்று வால்யூமை முழுக்கத் திருகி, இன்னும் ஓங்கி மீட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது அதன் முதுகிலிருந்து மெல்லிய புகை. சுற்றி நின்றவர்கள் அதைக் கற்பூரப் புகை என்றே நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் பாய்ந்து அணைத்தேன். துளையைத் துடைத்து, பெட்டியை மாட்டி, மறுபடி ஆன் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியில் ஒரு முனகல்கூட இல்லை.

"பழைய சரக்கத் தலையில கட்டிட்டானுங்கப்பா," என்றார் தலைவர்.

"பெட்டி மாட்டாம ஆன் பண்ணாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே!"

"ராகு காலத்துலயா ஆன் பண்ணச் சொல்ற? விடுப்பா, திஷ்டி." ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, என் புதுப் பெட்டியின் மேலேயே நசுக்கினார். அந்தச் சாற்றைத் துடைத்த துணியை அவர் முகத்தில் எறியாமல் விட்டதற்கு மாப்பிள்ளை வீட்டார் எதிரில் இருந்ததுதான் காரணம்.

மிக்ஸரிலாவது மாட்டுங்கள் என்றேன். நான் சொந்தப் பெட்டி கொண்டுவருவதால் என் இடத்தில் வேறு மைக் போட்டாகிவிட்டதாம். "இப்ப இன்னா ஆயிடுச்சு? கீபோர்டுலயே கிட்டார் டோன் இருக்குது. நீ கைய ஆட்டிக்கினு நில்லு, போதும்."

நான் ஆட்டவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டி, அதன் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு கச்சேரி முழுக்க நின்றேன். அவர் கீபோர்டில் தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு கிட்டாரை வாசித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். என் கைகள் கட்டியிருந்ததை ஓர் ஆளும் கவனிக்கவில்லை. அவர்களைப் பார்த்த அளவு அருவருப்போடு வாழ்க்கையில் நான் யாரையும் பார்த்ததில்லை.

அண்ணன் அந்த நேரம் கீழே பந்தியில் இருந்தார். அங்கே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். வெற்றிலை மென்றுகொண்டே மேடையேறி வந்து என் தோளைத் தட்டினார்.

"இன்னிக்குதான்டா கேட்டுச்சு! சாப்பாட்டுல கைய வெச்சிக்கினு அப்படியே கேட்டுக்கினு இருந்தேன். நீ கெலிச்சிட்ட. இனிமே கடைக்கு வான்னு கூப்பிடமாட்டேன்."

"அது நான் இல்லண்ணா. கீபோர்டு."

அண்ணன் சிரித்தார். "எதுவா இருந்தா இன்னாடா? கிட்டார் மாதிரிதான இருந்துச்சு."

கெலித்தது நான்தான். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் சொந்த அண்ணனுக்கே வித்தியாசம் தேவைப்படாதபோது நான் யாருக்காக அந்தக் கம்பிகளில் விரலைத் தேய்ப்பது?

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமல் நானே கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு பெண்மணிக்கு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சரிகை இழை ஒன்றைச் சுரண்டி, அசல் சரிகைக்கு அடையாளமாக உள்ளே இருந்த சிவப்புப் பட்டு நூலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாத்துக்கம்மா. போலிய தொட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் விரித்துப் போட்ட புடவைகளை மடிக்க உட்கார்ந்தேன்.