பதினாறு பேரில் அக்கா

எங்கள் வீட்டு டிவியில் யாரும் தனியாக வந்ததே இல்லை. செய்தி வாசிப்பவர் வந்தால், அவர் தோளை உரசிக்கொண்டு வெளிறிப்போன இன்னொருவரும் உட்கார்ந்து அதே செய்தியை வாசிப்பார். லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அதனால் குன்றின் உச்சியில், தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றையாக எங்கள் வீடு. எதிரே அதைவிடப் பெரிய குன்று ஒன்று வழிமறித்து நின்றது. வருகிற படம் அதில் முட்டி இரண்டாகிவிடுகிறது என்பது மாமாவின் விளக்கம். கீழே லயத்தில் அதுவும் கிடையாது, வெறும் புள்ளி மழைதான். ஆகவே எங்கள் இரட்டைப் படத்துக்கே ஏகப்பட்ட கிராக்கி.

அம்மாவின் தம்பியான அந்த மாமா சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். குழாய் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவருக்கு உண்டு. ஏரியலும் ஒரு குழாயின் மேல்தானே நிற்கிறது.

அந்தத் தீபாவளிக்கு அவர் படையெடுத்து வந்ததற்குக் காரணம் அக்கா. அவளுக்குப் பதினைந்து வயது, அலோர் காஜாவில் நடனம் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய குழு கோலாலம்பூருக்குப் போய், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஆடிப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தது. அப்பா லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். அக்கா மட்டும் அந்தப் பேச்சை எடுத்தாலே தலைவலி என்று படுத்துக்கொண்டாள். போனது ஒன்பது பேர். மேடை சிறியது, எட்டுப் பேர் போதும் என்று கடைசி நேரத்தில் அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன. அன்று ஒன்பது வயதில், அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மாமா காலையிலேயே நீளமான குழாய், பூஸ்டர், கம்பிச் சுருள் சகிதம் வந்து இறங்கினார். அதுவும் போதாமல் அம்மாவின் அலுமினியச் சட்டி மூடிகள் இரண்டை ஏரியலின் பின்னால் வைத்துக் கட்டினார்.

"படம் தாண்டிப் போயிடாம தடுக்கும்லா."

"கறிச்சட்டிய எதைப் போட்டுடா மூடுறது?" என்று அம்மா கேட்பதற்குள் அவர் ஏணியில் ஏறிவிட்டார்.

மாலையில் நிகழ்ச்சி தொடங்கியபோது வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மாமா ஏணியில் நின்று குழாயைத் திருப்பினார். நான் ஜன்னலில் நின்று படத்தின் நிலவரத்தை அவருக்குக் கத்தினேன். திடீரென்று அக்கா வெளியே வந்தாள்.

"மாமா, நீங்க உள்ள போய்ப் பாருங்க. நான் பிடிச்சிக்கிறேன்."

"நீ ஆடுறத நீயே பாக்க வேணாமா?"

"நான்தான் நேர்லயே பாத்துட்டேனே."

அன்று முழுவதும் அவள் பேசிய ஒரே உண்மை அதுதான்.

டிவியில் தன் குழுவின் பெயரை அறிவித்ததுமே அவள் குழாயைத் திருப்பினாள். படத்தைக் கெடுக்கத்தான் திருப்பினாளாம். அவள் கெட்ட நேரம், அந்தப் பக்கம்தான் படம் இருந்தது. அதுவரை எங்கள் வீடு கண்டிராத தெளிவு. "கிளியர்க்கா, அப்படியே பிடி" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். இரட்டை மட்டும் போகவில்லையே தவிர, மூக்கும் முழியும் தெரிந்தது. எட்டுப் பேர் பதினாறாக ஆடினார்கள். பதினாறிலும் அக்கா இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து, திரையின் கோடியில் விரலை வைத்தார்.

"அதோ, கடைசியில நிக்கிறா பாருங்க, நம்ம பிள்ளை."

"ஆமாலா, அந்த நடையிலயே தெரியுதே" என்றார் லயத்துப் பெரியவர் ஒருவர். உடனே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அக்கா மறுபடி குழாயைத் திருப்பியிருக்க வேண்டும், படம் போய்ப் புள்ளி மழை வந்தது. மாமா பதறி எழுந்தார்.

"உக்காருங்க மச்சான், அதான் பாத்தாச்சே" என்று அப்பா அவர் தோளைப் பிடித்து அமர்த்தினார். பிறகு என்னிடம் திரும்பினார். "போய் அக்காகிட்ட சொல்லு. அப்பா பாத்துட்டாரு, நல்லா ஆடினியாம்னு சொல்லு. இறங்கி வந்து சாப்பிடச் சொல்லு."

அக்கா இனிமேல்தான் ஆட வருவாள் என்று நான் நினைத்திருக்க, அதற்குள் அவளைப் பார்த்துவிட்ட அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தேன். அக்கா ஏணியில் அசையாமல் நின்றாள்.

"அப்பாவே பாத்தாராமா?"

"அவருதான் எல்லாருக்கும் காட்டுனாரு. நீ கடைசியில நின்னியாம்."

அக்கா குழாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு தூரம் போய் ஆடிவிட்டு, தன்னைத் தானே பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். எனக்கே பாவமாக இருந்தது. ஏணிக்குக் கீழே நின்று அவள் காலைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதக்கா. அடுத்த வருசம் நான் ஏரியல் பிடிக்கிறேன், நீ உள்ள உக்காந்து பாரு."