குருசு கேட்ட கப்பல்காரர்

யுத்த காலத்தில் அம்மா தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். கொழும்புக்குப் பிழைக்கப் போன அப்பாவிடமிருந்து கடிதம் நின்று வெகுநாளாயிற்று. வீட்டில் வேறு ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் வார்டு வராந்தாவில்தான் கிடப்பேன். எட்டு வயது, பேச ஒருவரும் இல்லை.

ஒரு சித்திரையில், மலேரியா கண்ட வெள்ளைக்கார மாலுமி ஒருவரை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. காய்ச்சல் ஏறியதும் அவர் பேசியது டாக்டருக்கே விளங்கவில்லை. "இது இங்கிலீஷே இல்லையே," என்றார். ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: குரேஸ்.

"பாவம், குருசு கேக்காரு. சாவு பயம் வந்துட்டு," என்றாள் அம்மா. எங்கள் கடற்கரையில் சிலுவையைக் குருசு என்றுதான் சொல்வோம். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றி வந்து அவர் கையில் வைத்தேன். அதற்குள் மாதா கோயில் சாமியாருக்கும் ஆள் போயிற்று. அவர் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைத் திறந்ததும் மாலுமியின் கண்கள் மிரண்டன. குருசைப் படுக்கையில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என் கையை இழுத்துத் தம் நெற்றியில் அழுத்திக்கொண்டார்.

"குரேஸ்."

அடுப்பைத் தொட்டாற்போல் இருந்தது.

"எம்மா, குருசு இல்ல! மேலு காயுதுன்னு சொல்லுதாரு!"

"ஏளா, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாலும் அம்மா உடனே ஈரத்துணி நனைத்துப் போட்டாள். சாமியார் எண்ணெயை மூடினார், கொஞ்சம் மனமில்லாமல்தான்.

அது வேல்ஸ் நாட்டு மொழி என்பதைப் பெரியவளான பின் படித்தேன். குரேஸ் என்றால் வெப்பம். காய்ச்சலுக்கும் அதே சொல். அங்கே 'காய்ச்சல் என் மேல் இருக்கிறது' என்றுதான் சொல்வார்களாம். கரம் மசாலாவில் சூட்டைக் குறிக்கிற 'கரம்' என்ற சொல்லும் அதுவும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவையாம்.

தேறிய பிறகு டாக்டரிடம் இங்கிலீஷில் பேசியவர், என்னிடம் மட்டும் தம் மொழியிலேயே பேசினார். நான் தமிழில் பதில் சொன்னேன். பதினைந்து நாள் அப்படியே கழிந்தது. அந்தப் பதினைந்து நாளும் நான் அவர் கட்டிலருகிலேயே கிடந்தேன்; வராந்தாவுக்குப் போகவே இல்லை.

கொழும்பு போகும் கப்பலில் அவரை ஏற்றிவிட வண்டி வந்தது. "அங்கன எங்கப்பாவப் பாத்தியள்னா வரச் சொல்லுவியளா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு என் முன் குனிந்து, நிதானமாக, நெடுநேரம் ஏதோ சொன்னார். சொல்லி முடித்ததும் என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

நானும் அவரைப் போலவே, ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினேன். அவரும் யாரையோ வரச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.