கேஸ் மாத்திரை ஒரு மாத்திரையா?

இடுப்பில் வலி என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் எலும்பைச் சந்தேகப்படுவதில்லை. வாய்வு என்று சொல்லிவிடுவோம். வயிற்றில் சேர்ந்த கேஸ் வெளியேற வழியில்லாமல் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் ஏதாவது ஒரு மூட்டில் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்பது கோவில்பட்டியில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் பொதுவான சாஸ்திரம். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது தொடை இடுக்கில் சுரீர் என்று ஒரு வலி வந்து, காலை ஊன்ற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அன்றைக்கும் நான் முந்தின நாள் சாப்பிட்ட மொச்சைக் குழம்பைத்தான் திட்டினேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி ஒரு வலி மாத்திரையும் ஒரு கேஸ் மாத்திரையும் கொடுத்தார். வலி குறைந்தது, திரும்ப வந்தது. இப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். எங்களுக்கு உளுந்து, பாசிப்பயறு மொத்த வியாபாரம். புதூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூட்டைகளை என் கணவர் பார்ப்பார், கல்லாவில் நான் இருப்பேன். உட்கார்ந்து எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டி வந்த பிறகுதான் திருநெல்வேலிக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம்.

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி விரலால் காட்டினார். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. என் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்து நொறுங்க ஆரம்பித்திருந்தது. செயற்கை மூட்டு வைத்தால் நடக்கலாம் என்றார். சரி, வைத்துவிடலாம் என்றோம். அறுவைக்கு முன் எல்லாருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் எங்கள் கணக்கைக் கலைத்தது.

எனக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்தது (கல்லீரலில் தங்கி, சத்தமில்லாமல் பல வருஷம் அதை அரிக்கிற வைரஸ்). எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கல்லீரல் கெடுவதென்றால் ஒரே காரணம்தான் தெரியும். வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார்.

"ஏட்டி கனி, எனக்குத் தெரியாம எங்கன போய்க் குடிச்ச?"

சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

கல்லீரல் மருத்துவர் இளம்பெண், என் மகள் வயது. எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார். ஏற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு முன், இதே மகளைப் பெற்றபோது ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். அந்த நாளில் தானம் வந்த ரத்தத்தில் இந்த வைரஸை எல்லா இடத்திலும் தேடிப் பார்க்கவில்லை, அப்படி வந்திருக்கலாம் என்றார். உயிரைக் கொடுத்த பாட்டிலை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வீட்டில் என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அடுத்த முறை போனபோது மருத்துவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது, ரத்தம் ரத்தத்தோடு கலந்தால்தான் பரவும், பிளேடு போன்றவற்றை மட்டும் தனியாக வையுங்கள் என்றார்.

இனி எது முதலில் என்பதுதான் கேள்வி. எலும்பு மருத்துவர் தெளிவாகச் சொன்னார். "ஆபரேஷன்ல ரத்தம் போகும். கல்லீரல் சரியில்லன்னா ரத்தம் உறையறதுல சிக்கல் வரலாம். புது மூட்டுல கிருமி தொத்திக்கிட்டா அதையே கழட்ட வேண்டி வரும். முதல்ல லிவரைச் சரி பண்ணிட்டு வாங்கம்மா." கல்லீரலுக்கு மூன்று மாதம் தினம் ஒரு மாத்திரை. அது முடிந்து இன்னும் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரு பரிசோதனை. அப்போதும் வைரஸ் இல்லையென்றால்தான் குணம் என்று அர்த்தம். பிறகு இடுப்பு. என் கல்லீரல் இறுகத் தொடங்கியிருந்தாலும் சுருங்கிப் போகவில்லை, அதனால் நம்பிக்கை நிறைய இருக்கிறது என்றார் இளம் மருத்துவர். வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லி, நாளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்த காய்ச்சல் மாத்திரையை மட்டும் வலிக்கு அனுமதித்தார்.

ஆவணியில் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினேன். வலி மாத்திரையைச் சத்தியம் செய்த மாதிரி நிறுத்தினேன். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய பிறகு, ஐப்பசியில் அவரிடம் போனபோது, கெஞ்சுகிற குரலில்தான் கேட்டேன்.

"டாக்டர், வலி மாத்திரை வேண்டாம்னுட்டீங்க, சரி. கேஸ் மாத்திரையாவது ரெண்டு வேளையாப் போட்டுக்கிடட்டுமா?"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்த கேஸ் மாத்திரை?"

"காலையில வெறும் வயித்துல போடுவோம்லா, அதான். வாய்வு கலைஞ்சா இடுப்பு லேசாகும்லா."

"எத்தனை நாளா?"

"அது பாட்டுக்குப் போட்டுட்டு இருக்கேன். வருசக்கணக்கா."

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களான்னு முதல் நாளே கேட்டேனேம்மா?"

"இல்லன்னுதான சொன்னேன். இது மாத்திரை இல்லையே, கேஸ் மாத்திரைதான?"

அவர் பேனாவை மூடி வைத்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எனக்குத் தந்திருந்த வைரஸ் மாத்திரை ரத்தத்தில் சேர வேண்டுமானால் வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்வது அந்த அமிலத்தைக் குறைக்கிற மருந்து. கேஸுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை, இடுப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. இரண்டு மாதமாக அந்த வைரஸ் மாத்திரை எவ்வளவு என் ரத்தத்தில் சேர்ந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். இன்றோடு நிறுத்துங்கள், மீதி நாட்களை ஒழுங்காக முடியுங்கள், பார்ப்போம் என்றார்.

என்னைப் போல் நோயோடு இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லாதீர்கள். எது மாத்திரை, எது மாத்திரை இல்லை என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. வீட்டில் இருப்பதை எல்லாம், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் அவர் மேசையில் கொட்டிவிடுங்கள்.

கார்த்திகையில் மாத்திரை முடிந்தது. அப்போது எடுத்த ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை. சந்தோஷப்படப் போனவளை மருத்துவர் தடுத்தார். சில பேருக்கு இது மருந்து இருக்கும் வரை பதுங்கியிருந்து, நிறுத்தியதும் தலை தூக்கும். மாசியில் எடுக்கும் பரிசோதனைதான் கணக்கு. திரும்பி வந்தால் வேறு மருந்து, மறுபடியும் முதலிலிருந்து.

ஆனால் இடுப்பு மாசிக்காகக் காத்திருக்கவில்லை. மார்கழியில் ஒரு முற்பகல், குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மூட்டு பூட்டிக்கொண்டது. குழாயைப் பிடித்தேன், சுவரைப் பிடித்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து கதவைப் பெயர்த்து என்னைத் தூக்கும்போது, ஈரத்தில் விறைத்து என் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. அவமானமாக இருந்தது. அவர் துண்டைப் போர்த்திவிட்டார்.

மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போனோம். புதுப் படத்தில் பந்து தட்டையாகியிருந்தது, கிண்ணத்தின் விளிம்பும் தேயத் தொடங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் தள்ளலாம். அதுக்கு மேல போனா எலும்பு ஒட்டுப் போட வேண்டி வரும், காலும் குட்டையாகும். வைரஸ் இருந்தாலும் ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு இல்ல, ஆபத்து கூடுதல். நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார்.

ரயிலில் திரும்பும்போது என் கணவர் பிடிவாதமாக இருந்தார்.

"இப்பவே பண்ணிருவோம், கனி. நம்ம கரிசக்காட்டுச் சம்சாரிக மழைக்கு முந்தியே புழுதியில விதைக்கலையா? எல்லாம் பார்த்துட்டா விதைக்காவ?"

"விதை தப்புனா மறுவிதைப்பு உண்டுங்க. எனக்கு இந்தப் பக்கம் இடுப்பு ஒண்ணுதான இருக்கு?"

"நேத்து நீ உட்கார்ந்திருந்த கோலத்தை நீ பார்க்கல, நான்லா பார்த்தேன்."

எனக்குப் பயமாக இருந்தது. காத்திருக்கவும் பயம், காத்திருக்காமல் இருக்கவும் பயம். கடம்பூர் வந்து போளி விற்பவர்கள் ஏறி இறங்கினார்கள், இருவரும் வாங்கவில்லை. கோவில்பட்டி ஸ்டேஷனில் அவர் தோளைப் பிடித்து இறங்கும்போது, மாசி வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொன்னேன். உள்ளே செயற்கை மூட்டு ஒன்றை வைத்துவிட்டு, அதில் கிருமி ஏறுமோ என்று தினமும் பயந்து சாவதைவிட இந்த வலி தேவலை என்று பட்டது. அவருக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் குளியலறையின் சுவரெல்லாம் கைப்பிடி அடிக்க ஆள் கூட்டி வந்தார்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து படுக்கைக்கு. கண்ணாடியில் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். வைரஸ் திரும்பினால் கண்ணில் தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், இருந்தாலும் பார்ப்பேன்.

மாசியில் அறிக்கை வந்தது. வைரஸ் இல்லை.

"இல்லன்னா... இல்லவே இல்லையா டாக்டரம்மா?" என்று என் கணவர் கேட்டார். இல்லை என்றார் அவர். "இனிமேலும் வராதா?" புதிதாகத் தொற்றிக்கொண்டால் தவிர வராது, ஆனால் கல்லீரலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வராந்தாவில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். மூட்டை இறக்குகிறவர்களை அதட்டும் மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பங்குனியில் அறுவை நடந்தது. கிண்ணத்தில் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று, வலது கால் ஒரு விரற்கடை குட்டை. செருப்புக்குள் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். முன்பே செய்திருந்தால் கால் சமமாக இருந்திருக்குமோ என்னவோ. தரையில் சம்மணம் போட இனி முடியாது.

அறுவைக்குப் பிறகும் வலி இருந்தது. ஆனால் அது வேறு சாதி வலி. முன்பெல்லாம் நாளை என்றால் இன்றைவிடக் கூடுதலாக வலிக்கும் நாள். இப்போது நாளை என்றால் இன்றைவிடக் கொஞ்சம் குறைவாக வலிக்கும் நாள். ஒரே உடம்பில் காலம் திசை மாறி ஓடுவதைப் பழகிக்கொள்ள எனக்கு வெகு நாளாயிற்று. வாக்கர் போய்க் கம்பு வந்தது, கம்பும் போன பிறகு, பஜாரில் நடக்கும்போதெல்லாம் என் கணவர் எனக்காக எட்டைச் சுருக்கி, பக்கத்திலேயே ஊர்ந்து வந்தார்.

போன ஆடியில் ஒரு காலை, இருவருமாகக் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். செல்போனில் உளுந்து விலையைப் பற்றி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், பேச்சு சூட்டில் என்னை மறந்து, தன் பழைய நடையில் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். பழக்கடையைத் தாண்டினார், முக்குத் திரும்பினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கூப்பிடவில்லை. எட்டி நடந்தேன்.