அண்ணாச்சிக்கே மசியாத புரோகிராம்

கல்லூரி புராஜெக்டுக்காக நான் எழுதிய பில்லிங் புரோகிராம், திருச்சுழியில் ஒரு விதைக்கடையில் ஓடுகிறது.

இன்று காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, ஒன் புரோகிராமு மக்கர் பண்ணுது. என்னமோ இங்கிலீசுல வருது, பில்லு வரல. ஆளு நிக்கிறாக."

கடைக்கு ஓடினேன். பில் வராத மக்காச்சோள விதைப் பாக்கெட்டைத் திருப்பினால், போன மாதமே காலாவதி! அப்படிப்பட்ட விதைக்குப் பில் போடாதே என்று எழுதியதே நான்தான்.

அதை வாங்க பரளச்சி கிராமத்திலிருந்து வந்த அக்கா அண்ணாச்சியை முறைத்தார். "பெய்யிறதே ஒரு மழ. இது மொளைக்கலன்னா நான் எங்க போவேன்?"

அண்ணாச்சி புதுப் பாக்கெட் எடுத்தார். பில் உடனே வந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த இங்கிலீஷ் மெசேஜை இன்றைக்கே தமிழில் மாற்றப்போகிறேன். அண்ணாச்சிக்குக் கோபம் வராத மாதிரி என்ன எழுதலாம், சொல்லுங்கள்.