தேவராஜ் அண்ணனுக்கு ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

என்னைப் போலவே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணிலும் காதிலும் எண்ணெய் வாங்கிய சகோதரர்களே, நம் தொழிலில் வானம் பார்ப்பது கொஞ்சம், சேஸிஸ் பார்ப்பதுதான் அதிகம். எழுபதுகளின் தொடக்கத்தில் சோழவரத்தில் நான் கியர்பாக்ஸ் மெக்கானிக்காக இருந்தபோது, ஒரு வண்டி என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

இடது கால்

தேவராஜ் அண்ணன் லாரி வைத்திருந்தவர். பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களில் கார் ஓட்டுவார். கும்மிடிப்பூண்டியில் லோடு ஏற்றும்போது ஓர் இரும்புச் சட்டம் சரிந்து அவர் இடது பாதத்தில் விழுந்தது. அதன் பிறகு கிளட்சை மிதிக்க முடியவில்லை.

வெகுநாள் வெளியே தலைகாட்டாதவர், ஒருநாள் ஒரு சின்னக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். அந்தச் சின்னக் காருக்குள் ஓர் அமெரிக்கக் காரிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. நேர்கோட்டில் கால் மைல் பறக்கும் பந்தயத்துக்கான வண்டி. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேண்டும் என்றார். அவ்வளவு பலத்தைத் தாங்கும் பெட்டியை நான் தொட்டதே இல்லை. தயங்கினேன். அவர் சொன்னார்: "எனக்குக் கால்தான் போச்சு மேஸ்திரி, ஆசை போவலியே. நீ இன்னா அதையும் கழட்டி வெச்சுக்கப் போறியா?"

இரண்டா, மூன்றா?

புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் பாஷா பாயிடம் இரண்டு ஆட்டோமேட்டிக் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் மூன்று கியர், இன்னொன்றில் இரண்டே கியர். எதை எடுப்பது என்று விழித்தேன். பாய் இரண்டையுமே ஏற்றிவிட்டார்: "ரெண்டையும் போட்டுப் பாரு. வேணாங்கிறதைத் திருப்பிக் குடு. ஒடைஞ்சா மட்டும் என்கிட்ட சொல்லாத, மனசு பேஜாராயிடும்."

காய்ச்சல்

மூன்று கியர் இருந்தால் வண்டி சீறும் என்று அதைத்தான் முதலில் மாட்டினேன். முதல் கியரின் இழுப்பு அந்த இலேசான வண்டிக்கு அதிகம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்தது. கழற்றிவிட்டு மற்றதை மாட்டினேன். அதன் முதல் கியர் சாது. டயர் தரையைப் பிடித்தது, வண்டி பாய்ந்தது. ஆனால் ஓடி முடித்ததும் பெட்டிக்குள் எண்ணெய் கொதித்து வழிந்தது.

எண்ணெய் ஆறுவதற்கு ஒரு செம்புக் குழாய்ச் சுருள் வைத்தேன். வெயிலில் அதுவும் சுட்டது. பந்தயத்தன்று காலை டீக்கடையில் பழவேற்காட்டு மீன் வேன் நின்றது. அதில் வந்த அஞ்சலை அக்காவிடம், சுருளைச் சுற்றி வைக்க ஐஸ் கேட்டேன். ஒரு கூடை நிறையக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மீனுக்கு ஐஸ் வெப்பாங்க. காருக்கு ஜுரம்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்பா!"

கோட்டுக்கு அப்பால்

முதல் ஓட்டத்தில் அண்ணன் ஜெயித்தார். இறுதி ஓட்டத்தில் பக்கத்து வண்டி மூக்கு நீளத்தில் முந்தியது. பெட்டி உடையவில்லை, எண்ணெய் வழியவில்லை. இருந்தும் தோற்றுவிட்டோம்.

அண்ணன் இறங்கி, காலை இழுத்துக்கொண்டே சிரித்தபடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி கமலா அக்கா தடுத்தார்: "தோத்த மூஞ்சியா இது? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் இன்னிக்குத்தான் எங்க ஊட்டுக்காரரைப் பாக்கறேன்."

எந்தக் கியர்பாக்ஸ் நல்லது என்று கேட்டால் இரண்டு கியர் என்று மார்தட்டிச் சொல்வேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னது பாய், அதில் என் பங்கு போல்ட்டு முடுக்கியதுதான்.